திருகாணியும் எடைக்கல்லும்

கார்பரேட்டர் பொருத்திய பழைய மாருதி 800 ஒன்று புகைப் பரிசோதனைக்கு வரும்போது, அதனிடம் கேட்கப்படுவது இரண்டே எண்கள். வண்டி நின்ற இடத்திலேயே ஐடிலிங்கில் ஓடிக்கொண்டிருக்க, சைலன்சர் குழாய்க்குள் கருவியின் உறிஞ்சுகுழலை நுழைப்பார்கள். வெளிவரும் வாயுவில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எரியாத ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 1,500 பங்கைத் தாண்டக் கூடாது. பாரத் ஸ்டேஜ் இரண்டுக்கு முந்தைய நான்கு சக்கர பெட்ரோல் வண்டிகளுக்கு, 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 115ஆம் விதி வகுத்துள்ள வரம்பு இது. தேறினால் ஆறு மாதத்துக்குச் சான்றிதழ். சில நிமிடங்களில் முடிந்துவிடும் இந்த வேலைக்குள் அறவியலின் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது: சோதனைக்காகத் தன்னைச் சீர்செய்துகொள்வது எதுவரை திருத்தம், எங்கிருந்து வேடம்?

கேள்வியின் கூர்மை புரிய எஞ்சினுக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. காற்று குறைந்தால் எரிபொருளில் உள்ள கரி பாதி எரிந்த நிலையில் கார்பன் மோனாக்சைடாக வெளியேறும். மெக்கானிக்குகள் இதை 'ரிச்' என்பார்கள். காற்று அளவுக்கு மேல் கூடி 'லீன்' ஆனால், சிலிண்டரில் தீ பற்றாமல் தவறிப்போய், பெட்ரோல் பச்சையாகவே வெளியேறும்; அப்போது ஹைட்ரோகார்பன் ஏறும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜன் பற்றுவதைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அது பற்றிக்கொள்ளும். ஓட்டுபவர் முன்னால் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய வண்டி செய்யும் தீங்கு முழுவதும் அவருக்குப் பின்னால், சிக்னலில் நிற்கும் யாரோ ஒருவரின் மூச்சில் நடக்கிறது. யாரும் விரும்பிச் செய்யாத, செய்பவர் கண்ணில் படவும் படாத தீங்கு இது. கொலை, களவு, பொய் என்று வகுத்த பழைய பட்டியல்களில் இதற்கு நேரான பெயர் கிடைப்பது எளிதல்ல.

பரிசோதனைக்கு ஒரு வண்டியைத் தயார்செய்யும் வேலைகளில் பெரும்பாலானவை ஐயத்துக்கு இடமில்லாதவை. தூசி அடைத்த ஏர் ஃபில்டர் காற்றை மறிக்கும், கலவை ரிச் ஆகும். அதை மாற்றினால் எண் இறங்கும், சாலையிலும் காற்று தூய்மையாகும். சரியாகத் திறக்காமல் ஒட்டிக்கொண்ட சோக், கரி படிந்த ஸ்பார்க் பிளக், பெட்ரோல் கலந்து நீர்த்துப்போன எஞ்சின் ஆயில் எல்லாம் இதே கணக்கில் வரும். வண்டியைப் பத்து இருபது நிமிடம் ஓட்டி எஞ்சினைச் சூடாக்கிவிட்டுக் கொண்டுபோவதைச் சிலர் தந்திரம் என்று நினைப்பதுண்டு. அது தந்திரமல்ல. குளிர்ந்த எஞ்சின் ரிச் கலவையில்தான் ஓடும். சூடேறிய எஞ்சினின் இயல்பை அறியத்தான் அந்த வரம்பே வகுக்கப்பட்டது. தேர்வு எதைக் கேட்கிறதோ அதைக் கேட்டபடி காட்டுவதில் மறைப்பு ஏதுமில்லை.

கிழிந்த சைலன்சர் விஷயம் வேறு. குழாயில் ஓட்டை இருந்தால், எஞ்சின் மெதுவாக ஓடும்போது வெளிக்காற்று அதன் வழியாக உள்ளே இழுக்கப்பட்டு வாயுவோடு கலக்கும். கருவி நீர்த்த வாயுவை உறிஞ்சிக் குறைந்த எண்ணைக் காட்டும். ஓட்டையை அடைத்தால் எண் ஏறும். அதாவது, நேர்மையான இந்த ஒரு பழுதுபார்ப்பு வண்டியைத் தோல்விக்கு அருகில் கொண்டுபோகிறது. தேறுவது மட்டுமே குறிக்கோளாக இருப்பவர் இதை அப்படியே விட்டுவிடுவார். வண்டியின் உண்மை நிலையை அறிய விரும்புபவர் அடைத்துவிட்டு, பிறகு கார்பரேட்டரைப் பார்ப்பார். மற்ற எல்லாப் பழுதுகளிலும் ஒன்றாகவே நடக்கும் இந்த இருவரும் பிரிவது இந்த ஓட்டையின் முன்னால்தான்.

கேள்வி முழு உருவம் கொள்வது கார்பரேட்டரின் கலவைத் திருகாணியில். அரைச் சுற்று உள்ளே திருகினால் ஐடிலிங்கில் பெட்ரோல் குறையும், கார்பன் மோனாக்சைடு இறங்கும். எஞ்சின் சற்றே நடுங்கும், ஏசி போட்டால் நின்றுவிடும் போலிருக்கும், ஆனால் கருவியின் முன் தேறிவிடும். சான்றிதழை வாங்கிக்கொண்டு திரும்பும் வழியிலேயே பட்டறையில் நிறுத்தி, அரைச் சுற்று வெளியே திருகி, பழைய நிலைக்குக் கொண்டுவரும் வழக்கமும் உண்டு. தேய்ந்து விலகிய திருகாணியைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து அங்கேயே விடுவதும் இதே திருப்புளியால், இதே அசைவால் நடப்பதுதான். பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். வேறுபாடு செயலில் இல்லை, செயலுக்குப் பிந்தைய நாட்களில் இருக்கிறது. கருவி கண்ட வண்டியும் சாலை காணும் வண்டியும் ஒன்றா என்பதே அளவுகோல்.

இந்த அளவுகோல் புதியதல்ல. வணிகரின் எடைக்கல்லைப் பற்றிச் சமயங்கள் கவலைப்பட்ட காலத்திலேயே இது வந்துவிட்டது. எபிரேயச் சட்ட நூலான உபாகமத்தின் 25ஆம் அதிகாரம், ஒரே பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு எடைக்கற்களை வைத்திருப்பதை விலக்குகிறது. அங்கே கவனிக்க வேண்டிய நுட்பம், பொய்க்கல்லால் நிறுப்பதை மட்டும் அது தடுக்கவில்லை என்பது. இரண்டு கல் வைத்திருப்பதே குற்றம். யாருக்கு எந்தக் கல் என்று முடிவுசெய்யும் இடத்தில் நிற்பவர் ஏற்கெனவே நேர்மையை விட்டு விலகியவர். குர்ஆனின் 83ஆம் அத்தியாயமும், தனக்கு வாங்கும்போது நிறைவாக வாங்கிப் பிறருக்கு அளக்கும்போது குறைப்பவர்களைக் கண்டிப்பதோடுதான் தொடங்குகிறது. சோதனைக்கு ஒரு திருகுநிலை, சாலைக்கு ஒரு திருகுநிலை வைத்திருப்பவரின் கையிலும் இருப்பது இரண்டு எடைக்கற்களே. வாங்குபவரின் இடத்தில் இங்கே நிற்பது தெருவின் மூச்சு.

2015ஆம் ஆண்டு வெளிவந்த ஃபோக்ஸ்வேகன் விவகாரத்தில் இந்தத் திருகாணியை மென்பொருள் திருகியது. ஸ்டீரிங் அசைவு, வேகம், ஓடும் நேரம் போன்ற குறிகளைக் கொண்டு, வண்டி ஆய்வுக்கூடத்தில் இருக்கிறதா சாலையில் இருக்கிறதா என்பதை அது ஊகித்துக்கொள்ளும். ஆய்வுக்கூடம் என்றால் மாசுக் கட்டுப்பாடு முழுதாக வேலைசெய்யும். சாலை என்றால் தளர்ந்துவிடும். சில வண்டிகள் சாலையில் அமெரிக்க வரம்பைப் போல் 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளியிட்டதாக அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு அந்த ஆண்டு செப்டம்பரில் அறிவித்தது. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் அந்த மென்பொருள் இருந்ததை நிறுவனமே ஒப்புக்கொண்டது. பட்டறை வாசலில் ஒருவர் திருப்புளியால் செய்வதற்கும் இதற்கும் அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. வகையில் வேறுபாடில்லை.

அப்படியானால் திருகாணியைத் திருப்பாமல் அப்படியே விட்டவர் கடமையை முடித்துவிட்டாரா? இங்கே எஞ்சினின் அமைப்பு ஒரு சங்கடத்தை உண்டாக்குகிறது. கலவைத் திருகாணி ஐடிலிங்கை மட்டுமே ஆள்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்து வண்டி ஓடத் தொடங்கியதும் பெட்ரோல் வருவது மெயின் ஜெட் வழியாக. அந்த ஜெட்டின் துளை தேய்ந்து விரிந்திருந்தால், நின்றிருக்கும்போது தூய்மையாக மூச்சுவிடும் வண்டி, மேம்பாலம் ஏறும்போது கரியைக் கக்கும். நைட்ரஜன் ஆக்சைடுகளோ இந்தப் பரிசோதனையில் அளக்கப்படுவதே இல்லை. ஓடும் எஞ்சினில் கலவை சற்றே லீனாகி வெப்பம் கூடும்போது அவை மிகும். ஆகவே கேட்ட கேள்விக்கு உண்மையான விடை சொல்லி, அந்த விடையை மாற்றாமலும் வைத்திருந்து, அதன்பிறகும் தீங்கு செய்துகொண்டிருக்க முடியும். சட்டம் தன்னால் அளக்க முடிந்ததை அளக்கிறது; அதை அதன் குறை என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் சட்டம் அளக்காத இடத்தில் தீங்கு நின்றுவிடுவதில்லை.

இந்த இடத்தில் பலர் நோக்கத்தைத் துணைக்கு அழைப்பார்கள். இம்மானுவேல் கான்ட் 1785இல் எழுதிய அறவியல் நூலில் ஒரு கடைக்காரர் வருகிறார். விவரம் தெரியாத வாடிக்கையாளரிடமும் அவர் கூடுதல் விலை வாங்குவதில்லை. காரணம், அப்படி நடந்தால்தான் வியாபாரம் நிலைக்கும். அவர் செய்வது கடமைக்கு ஒத்துப்போகிறது, கடமைக்காகச் செய்யப்படவில்லை என்பது கான்ட்டின் தீர்ப்பு. சான்றிதழ் இல்லாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 10,000 ரூபாய் வரை அபராதம் விழலாம் என்பதற்காக மட்டும் ஃபில்டர் மாற்றுபவர் இந்தக் கடைக்காரருக்கு உறவினர். ஆனால் நோக்கத்தை மட்டும் எடைபோடுவது இங்கே போதாது. அபராதத்துக்கு அஞ்சிச் சீர்செய்த எஞ்சினின் புகையும், அன்பினால் சீர்செய்த எஞ்சினின் புகையும் குழந்தையின் நுரையீரலுக்கு ஒன்றே. நல்ல மனத்தோடு ஓட்டைக் கார்பரேட்டரை வைத்திருப்பவர் அந்தக் குழந்தைக்கு எந்த நன்மையும் செய்துவிடவில்லை.

நோக்கத்தையும் விளைவையும் இணைத்துப் பார்க்கும் வழி சமண சிந்தனையில் இருக்கிறது. காற்றையே உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டென்று நம்பிய மரபு அது. காற்றுக்குச் செய்யும் தீங்கைப் பற்றி அதைவிட நெடுங்காலம் யோசித்தவர்கள் குறைவு. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில் இம்சையை வரையறுக்கும்போது, உயிருக்கு ஊறு என்பதோடு நிறுத்துவதில்லை. பிரமாதத்தால் விளையும் ஊறு என்கிறது. பிரமாதம் என்றால் கவனமின்மை. இன்றைய தமிழில் அந்தச் சொல் பாராட்டாக மாறிவிட்டதால் பழைய பொருள் மறந்துபோயிற்று. பின்னால் வந்த அமிர்தசந்திரர் இதை எல்லைவரை கொண்டுபோனார்: விழிப்போடு நடப்பவரின் காலடியில் ஓர் உயிர் தற்செயலாக மடிந்தாலும் அது இம்சையாகாது, கவனமின்றி நடப்பவர் எதையும் கொல்லாவிட்டாலும் அவரிடம் இம்சை உண்டு. தீய எண்ணம் ஏதுமில்லாமல் ஒருவரின் வண்டி தெருவில் நஞ்சு கலக்கும் நிலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது கடினம். கவனம் என்பது மனத்தில் இருக்கிறது. ஆனால் மனத்தோடு நின்றுவிடுவதில்லை. கவனமுள்ளவர் ஜெட்டைக் கழற்றிப் பார்ப்பார், மைலேஜ் குறைந்தால் ஏனென்று கேட்பார். நோக்கம் விளைவாக மாறும் பாதை அது.

சமணர்களின் பிரதிக்கிரமணத்துக்கும் இதற்கும் தொடர்புண்டு. செய்த தவறுகளைத் திரும்பிப் பார்க்கும் அந்த வழிபாடு நாள்தோறும், பட்சந்தோறும், நான்கு மாதத்துக்கு ஒருமுறை, ஆண்டுக்கு ஒருமுறை என்று அடுக்கடுக்காக வகுக்கப்பட்டிருக்கிறது. ஆண்டு வழிபாடு இருப்பதால் அன்றாட வழிபாடு தேவையில்லை என்று ஆகிவிடுவதில்லை. ஆறு மாதச் சான்றிதழுக்கு அப்படியோர் அன்றாடத் துணை இல்லை. அதனால் அது ஆறு மாத மறதிக்கு அனுமதிபோல் ஆகிவிடுகிறது. திருக்குறளின் 54ஆம் அதிகாரமான பொச்சாவாமை முதலில் எச்சரிப்பதும் சோம்பலில் வரும் மறதியை அல்ல, மகிழ்ச்சியில் வரும் மறதியை. கையில் சான்றிதழோடு பட்டறையிலிருந்து கிளம்பும் நேரம் அந்த மகிழ்ச்சிக்கு உரியது.

குழாயில் கருவியை நுழைக்காமலே சான்றிதழ் கொடுப்பதும் வாங்குவதும் பற்றி அதிகம் ஆராய வேண்டியதில்லை. அது திருட்டு. கொடுப்பவர், வாங்குபவர் இருவருக்கும் அதில் சமபங்கு.

கடினமானது இன்னொன்று. எல்லாம் நேர்மையாகச் செய்தும் சில எஞ்சின்கள் தேறாது. பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் எரிந்து நீலப் புகை வரத் தொடங்கிவிட்டால், ஃபில்டரும் பிளக்கும் திருகாணியும் உதவா. எஞ்சினைப் பிரித்து ரீபோர் செய்ய வேண்டும். அதற்கான செலவு சில நேரம் வண்டியின் விலையையே நெருங்கும். வயதையே அளவாகக் கொண்டு இதை முடிக்கப் பார்த்தது டெல்லி: 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடக் கூடாது என்ற தடையை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது, அது பின்னர் மறுபரிசீலனைக்கும் வந்தது. வயது எளிதாக அளக்கக் கூடியது, அதனால் சட்டத்துக்கு ஏற்றது. ஆனால் பேணப்பட்ட இருபது வயது வண்டியையும் கைவிடப்பட்ட எட்டு வயது வண்டியையும் அது தலைகீழாக வைத்துவிடுகிறது. கவனத்துக்கு அதில் மதிப்பில்லை. அந்த வண்டியை நம்பிப் பிழைப்பவரின் நிலையும் கணக்கில் வர வேண்டும். தூய காற்றின் செலவு முழுவதையும் அதைத் தாங்க முடியாதவர் தலையில் ஏற்றுவது நீதியாகாது. எனினும் அவருடைய வறுமை தெருவில் நிற்பவரின் மூச்சுக்கு விலையாகிவிடாது. ரீபோருக்கு உதவுவதும் மாற்று வண்டிக்கு வழிசெய்வதும் சமூகத்தின் பங்கு. அந்த உதவி வரும்வரை வண்டியை ஓட்டுவதைக் குறைப்பது அவர் பங்கு.

சான்றிதழில் இன்னும் நான்கு மாதம் மீதமிருக்கும்போதே வண்டி புகைய ஆரம்பித்தால் என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் எஞ்சுகிறது. ஐயம் எழுந்தால் வண்டியை நிறுத்தி மறுபடியும் பரிசோதனைக்கு அனுப்பும் அதிகாரத்தை 116ஆம் விதி அதிகாரிகளுக்குத் தருகிறது. அதிகாரி யாரும் இல்லாத தெருவில் அந்தப் புகையைப் பின்கண்ணாடியில் முதலில் பார்ப்பவர் ஓட்டுநர். 116ஆம் விதி அவரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவர் வண்டியை அன்றைக்கே பட்டறைக்குத் திருப்பலாம்.