பழைய தகடும் புதிய காரும்

சென்ற ஆண்டு ஐப்பசியில் ஒரு மாலைப் பொழுது. திருப்பத்தூரில் என் பெரியம்மாவின் வீட்டுத் திண்ணையில் ஒரு பிஸ்கட் டப்பா திறந்து வைக்கப்பட்டிருந்தது. அதனுள் கார்புரேட்டரின் சிறு உறுப்புகள் இரண்டு, எண்ணெய் ஊறிக் கறுத்த குறிப்பேடு ஒன்று, நான்கு மூலையிலும் துளையிட்ட உள்ளங்கை அகலப் பித்தளைத் தகடு ஒன்று. தகட்டில் கையால் பொறித்த ஓர் எண்ணும் 1967 என்னும் ஆண்டும் தெரிந்தன. எதிரே அமர்ந்திருந்த அன்பர் வெளியூர்க்காரர். பழைய பந்தயக் கார்களைத் தேடிச் சேர்ப்பவர். அந்தத் தகட்டுக்கு மட்டும் அவர் சொன்ன விலை, பெரியம்மாவின் கண் அறுவைக்கும், மழைக்கு ஒழுகும் கூரையை மாற்றுவதற்கும் போதுமானது.

பெரியப்பா லாரிப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தவர். ஆண்டின் பெரும்பகுதி ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் தோல் ஏற்றிச் செல்லும் லாரிகளின் அடியில் படுத்துக் கிடப்பார். சோழவரம் பந்தயம் நெருங்கினால் மட்டும் பத்து நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, ஜோலார்பேட்டையில் இரயிலேறிச் சென்னைக்குப் போய்விடுவார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைக்கப்பட்ட அந்த விமான ஓடுதளத்தில், 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டுகள் கார்ப் பந்தயங்களை நடத்தி வந்தது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் புதிய தடம் திறக்கப்படும்வரை தென்னாட்டுப் பந்தயக்காரர்களுக்குச் சோழவரமே திருத்தலம். அங்கே ஓடியவற்றுள் வெளிநாட்டிலிருந்து வந்த கார்கள் சில. நம்மவர் பட்டறைகளில் குழாய்களை வளைத்து, பற்றவைத்து, கிடைத்த இயந்திரத்தைப் பொருத்திக் கட்டியவை பல. பெரியப்பா பணி செய்தது அப்படிப்பட்ட ஒற்றை இருக்கைக் கார் ஒன்றில். ஃபியட் 1100 இயந்திரம். இருக்கைக்கு ஆம்பூரிலிருந்து அவரே வாங்கிச் சென்ற, ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோல்.

அந்தக் கார் இன்று இல்லை. எழுபதுகளின் நடுவில் ஒரு விபத்துக்குப் பின் அதைப் பிரித்துவிட்டார்கள். இயந்திரம் ஒரு வாடகைக் காருக்குப் போயிற்று. குழாய்ச் சட்டம் பழைய இரும்புக்குப் போயிற்று. தகட்டை மட்டும் பெரியப்பா கழற்றிக்கொண்டு வந்தார். வந்த அன்பரோ, பழைய நிழற்படங்களைப் பார்த்து அதே அளவில் ஒரு காரைக் கட்டிக்கொண்டிருந்தார். வேலைப்பாடு நேர்த்தியானது, படங்களைக் காட்டினார். தகடு ஏறினால் அது “அந்த” காராகிவிடும். ஏறாவிட்டால் அதைப்போன்ற ஒரு கார். “இதில் பொய் எங்கே இருக்கிறது, சார்? தகடு அசல்தானே?” என்று கேட்டார். பெரியம்மா என்னைப் பார்த்தார். வாத்தியார் வேலை பார்த்தவன் என்பதால் இத்தகைய வேளைகளில் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என்மேல் விழுவது வழக்கம். நான் இரண்டு நாள் தவணை கேட்டேன்.

இந்தக் கேள்வி நம் ஊர்த் திண்ணையில் மட்டும் எழுவதன்று. அமெரிக்காவில் மிட்ஜெட் எனப்படும் குள்ளப் பந்தயக் கார்கள் உண்டு. வட்டத்தடத்தில் மண்ணைப் பீய்ச்சிக்கொண்டு சுற்றும், ஓர் ஆள் மட்டுமே அமரக்கூடிய சிறிய வண்டிகள். அவ்விளையாட்டு ஒழுங்கான வாராந்திரப் பந்தயமாகத் தொடங்கியது 1933-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் லொயோலா உயர்நிலைப்பள்ளி மைதானத்தில் என்பது இவ்விதழின் வாசகர்களுக்குச் சற்று வியப்பூட்டலாம். இயேசு சபையார் நடத்தும் பள்ளி அது. பின்னாளில் ஃபிராங்க் கர்ட்டிஸ் என்பவரின் பட்டறை இவ்வகைக் கார்களை நூற்றுக்கணக்கில் முழுமையாகக் கட்டியும், வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் உறுப்புத் தொகுதிகளாகவும் விற்றது. எனவே இன்று அவற்றைப் பாதுகாப்போர் படும் பாடு பெரிது. ஒன்றின் முன் அச்சு மற்றொன்றில் இருக்கும். ஒருவர் ஓட்டி வென்ற இயந்திரம் வேறொருவர் சட்டத்தில் உறங்கும். பழைய நிழற்படத்தில் தெரியும் ஒரு பற்றவைப்புத் தழும்பைக் கொண்டு, இது இன்னாருடைய கார் என்று நிறுவ முயல்வோர் அங்கே உண்டு.

இங்கிலாந்தில் இது நீதிமன்றம்வரை சென்றது. பென்ட்லி நிறுவனத்தின் “ஓல்டு நம்பர் ஒன்” என்னும் கார் 1929-இலும் 1930-இலும் லெ மான் இருபத்து நான்கு மணிப் பந்தயத்தை வென்றது. 1932-இல் புரூக்லண்ட்ஸ் தடத்தில் அதை ஓட்டிய கிளைவ் டன்ஃபீ விபத்தில் மாண்டார். கார் மறுபடியும் கட்டப்பட்டு, சாலையில் ஓடும் வண்டியாக மாறி, பல கைகளைக் கடந்தது. 1990-இல் அதை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்பிய நிறுவனம், “இது அந்தக் கார் அன்று” என்று பின்வாங்கியபோது வழக்கு மூண்டது. 1929-இல் இருந்த காரில் எஞ்சியது அநேகமாக ஒன்றுமில்லை என்பதை நீதிபதி ஆட்டன் மறுக்கவில்லை. ஆயினும், ஒரு நாளும் அக்கார் அழிந்து வேறொன்று தோன்றவில்லை. மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, அதன் தொடர்ந்த வாழ்வின் உள்ளேயே நிகழ்ந்தன. ஆகையால் அது மெய்யான “ஓல்டு நம்பர் ஒன்”தான் என்று தீர்ப்பளித்தார்.

இத்தீர்ப்பை முதலில் படித்தபோது எனக்கு உவப்பாக இல்லை. பலகை பலகையாக மாற்றப்பட்ட தெசேயுவின் கப்பலைப் பற்றிக் கிரேக்கர் கேட்ட புதிரை, பணக்காரர் இருவரின் வசதிக்காக அவிழ்த்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். பின்னர் புனித தோமா அக்குவினாரின் ஓர் உவமை நினைவுக்கு வந்தது. உயிர்த்தெழும் உடல் அதே உடலா என்று ஆயும் இடத்தில், எரியும் நெருப்பைக் காட்டுகிறார் அவர். விறகு எரிந்து தீரத் தீரப் புது விறகு இடுகிறோம். ஆயினும் அது ஒரே நெருப்பு. மக்கள் மாள, வேறு மக்கள் பிறக்க, நகரம் அதே நகரமாக நிற்கிறது. நீதிபதியும் தம்மை அறியாமல் இவ்வழியே நடந்திருக்கிறார். ஆனால் அணைந்துபோன அடுப்பில் மறுநாள் வேறு விறகிட்டுப் பற்றவைத்தால்? அடுப்பு அதே அடுப்பு, நெருப்பு வேறு. மனிதரைப் பொறுத்தமட்டில் அழியாத ஆன்மா நின்று அந்த இடைவெளியைக் கடக்கிறது என்பது தோமாவின் விடை. காருக்கு ஆன்மா இல்லை. அதன் தொடர்ச்சியைத் தாங்குபவை இரும்பும், அதைத் தொட்ட கைகளும், அக்கைகள் எழுதி வைத்தவையும் மட்டுமே. எங்கள் பித்தளைத் தகடு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக எந்தக் காரின்மேலும் இல்லை. அது அணைந்த அடுப்பின் ஒரு செங்கல்.

இங்கே என்னை நானே மறுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. பந்தயக் காருக்கு அசல் நிலை என்று ஒன்று உண்டா? 2021-இல் நம் நடுவண் அரசு பழங்கால வாகனப் பதிவுக்கு விதிகள் வகுத்தது. ஐம்பது ஆண்டுகளைக் கடந்திருக்க வேண்டும். சட்டம், உடற்கூடு, இயந்திரம் ஆகியவற்றில் பெருமாற்றம் இன்றி மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். வீட்டுக் கொட்டகையில் நின்ற பழைய மோரிஸ் காருக்கு இது பொருந்தும். பந்தயக் காரோ ஒவ்வொரு போட்டிக்கும் அறுக்கப்பட்டு, ஒட்டப்பட்டு, எடை குறைக்கப்பட்டது. மாறாமல் இருந்தால் அது தோற்றுப் போயிருக்கும். கோயம்புத்தூர்க் கரிவரதன் மாருதி 800-இன் இயந்திரத்தை ஒற்றை இருக்கைச் சட்டத்தில் பொருத்தி ஃபார்முலா மாருதியை உருவாக்கினார். 1995-இல் விமான விபத்தில் அவர் மறைந்தபின்னும் அவர் வகுத்த கார்கள் இளைஞர்களை வளர்த்தன. அவற்றில் ஒன்றை இன்று பாதுகாக்க முனைவோர் எந்த நாளின் நிலைக்கு அதைத் திருப்புவது? கட்டிய நாளின் நிலைக்கா, வென்ற நாளின் நிலைக்கா, மோதிய நாளின் நிலைக்கா?

உயிர் பற்றிய கேள்வியும் உண்டு. அசல் என்பதற்காக வெடிப்பு ஓடிய அச்சை விட்டுவைத்து, அதில் ஒரு பிள்ளையை அமர்த்தி ஓட்டச் சொல்வது அறமாகாது. அதை மாற்றியே தீரவேண்டும். ஆகவே புது உறுப்பு என்பதே குற்றமன்று. 2012-இல் பழங்கால வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு தூரின் நகரில் ஏற்றுக்கொண்ட சாசனமும் இதைத்தான் சொல்கிறது. கட்டடங்களுக்காக 1964-இல் வெனிஸில் எழுதப்பட்ட சாசனத்தை ஒட்டி எழுந்தது அது. மாற்றுவதாயின் குறைவாக மாற்று. மாற்றியதில் அடையாளம் இடு. செய்ததை எழுதி வை. கழற்றியதைச் சீட்டுக் கட்டி எடுத்துவைப்பது நல்ல பட்டறைகளின் வழக்கம். பெரியப்பாவுக்கு இச்சாசனம் தெரியாது. அவர் 2004-இல் காலமாகிவிட்டார். ஆனால் அவர் குறிப்பேட்டைத் திறந்தால், “முன் இடது அச்சு விரிசல், புதியது போட்டது, பழையது மூட்டையில்” என்று தேதியுடன் எழுதியிருக்கிறது.

அந்த இரண்டு இரவுகளில் நான் உண்மையில் படித்தது இக்குறிப்பேட்டைத்தான். எந்தப் பந்தயத்தில் எத்தனையாவது சுற்றில் வண்டி சூடேறியது, எந்த அளவுத் துளையுள்ள ஜெட் போட்டபின் புகை குறைந்தது, இருக்கைத் தோல் வியர்வையில் எப்படி வெளுத்தது - எல்லாம் சிறுவன் எழுத்துப் போன்ற கோணல் எழுத்தில். வென்றவர் பெயரைக் கோப்பைகள் சுமக்கும். அடியில் படுத்துக் கிடந்தவனின் பெயரைச் சுமப்பது இப்படிப்பட்ட காகிதமே. வந்த அன்பர் இதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது எனக்குச் சற்று வலித்தது. அவருக்குத் தேவைப்பட்டது எண். எண்ணுக்குப் பின்னால் இருந்த ஆள் அல்ல. அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மறைந்துபோன ஒரு பொருளின்மேல் அவர் கொண்ட அன்பு பொய்யன்று. பல இலட்சத்தை அதில் கொட்டியிருந்தார். அவருடைய புதிய கார் தன் பெயரிலேயே நிற்கத் தகுந்தது. அதற்கு இறந்த காரின் பெயரைச் சூட்டினால், அடுத்து வாங்குபவர் ஏமாறுவார். அதற்கு அடுத்து எழுதுபவர் அதையே வரலாறாக எழுதுவார். உறுப்புகள் உடைந்தால் வார்த்துவிடலாம். கலங்கிப்போன வரலாற்றை வடிகட்டித் தெளிவிப்பவர் யார்?

ஆனால் பெரியம்மாவின் கண்ணையும் ஒழுகும் கூரையையும் வைத்துக்கொண்டு நான் அறம் பேசுவது எனக்கே கூச்சமாக இருந்தது. என் மனச்சான்றின் தூய்மைக்கு வேறொருவர் விலை கொடுப்பது என்ன நேர்மை? இதை அவரிடமே சொல்லிவிட்டேன். தகட்டை விற்பதில் பிழையில்லை, அது உங்கள் பொருள். அதை எதன்மேல் என்ன சொல்லி ஒட்டுகிறார்கள் என்பதில்தான் சிக்கல் என்றேன். பெரியம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “கார் உடைஞ்ச அன்னிக்கு ராத்திரி அவர் சாப்பிடலை. உடைஞ்சுதுன்னு அவருக்குத் தெரியும். இல்லேன்னு நாம எப்படி எழுதிக் குடுக்கறது?” என்றார்.

மூன்றாம் நாள் அன்பர் வந்தார். ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தோம்: கார் பிரிக்கப்பட்ட விவரம், இயந்திரமும் சட்டமும் போன இடம், தகடு மட்டும் எஞ்சிய கதை, புதிய கார் அண்மையில் கட்டப்பட்டது என்னும் குறிப்பு. இக்கடிதம் காருடனேயே இருக்கும் என்று ஒப்பினால் தகட்டையும் குறிப்பேட்டின் நகலையும் தருகிறோம், சொன்ன விலையில் பாதி போதும் என்றார் பெரியம்மா. அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். யோசித்துச் சொல்வதாகக் கூறி, தேநீரைக் குடித்துவிட்டு, நகலை மட்டும் வாங்கிச் சென்றார்.

கண் அறுவை தை மாதம் முடிந்தது. செலவை உறவினர் பகிர்ந்துகொண்டோம். கூரைக்கு இன்னும் வழி பிறக்கவில்லை. டப்பாவை மழைச்சொட்டு விழாத மூலைக்கு மாற்றி வைத்திருக்கிறார் பெரியம்மா. சென்ற வாரம் அன்பர் தொலைபேசியில் அழைத்தார். தகட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. குறிப்பேட்டின் பதினேழாம் பக்கத்தில் ஜெட்டின் துளை அளவு சரியாகத் தெரியவில்லை, அசலைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.