ஒரே வினாத்தாளும் வேறு வேறு விளக்குகளும்

பரீட்சை நீதியானதா? மாணவர் இவ்வாறு கேட்கும்போது, சோம்பலுக்குச் சாக்குத் தேடுகிறார்கள் என்று பெரியோர் நகைப்பதுண்டு. ஆனால் கல்லூரி வாழ்வின் முடிவில் வரும் க.பொ.த. உயர்தரப் பரீட்சையே நம் நாட்டில் பல்கலைக்கழகத்தின் வாயிலைத் திறப்பதாகவும் அடைப்பதாகவும் இருக்கும்வரை, இது சாக்கல்ல. நீதி பற்றிய கேள்வியே.

முதலில் பரீட்சைக்குரிய பெருமையை அதற்குக் கொடுத்துவிடுவோம். விடைத்தாளில் மாணவர் தம் பெயரை எழுதுவதில்லை; சுட்டெண்ணையே எழுதுகின்றனர். திருத்துபவருக்கு அப்பிள்ளையின் தந்தை முதலாளியா, கரைவலை இழுப்பவரா என்பது தெரியாது. குலமும் செல்வாக்கும் சிபாரிசும் கோலோச்சிய சமுதாயத்தில் இது சிறிய வெற்றியன்று. 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபின், உடப்பிலும் கற்பிட்டியிலும் பிறந்த ஏழைப் பிள்ளையும் அந்த மண்டபத்தில் ஓர் ஆசனத்துக்கு உரிமை கோர முடிந்தது. ஆகவே பரீட்சையை வெறும் கொடுமையென்று தூற்றுவோருடன் நாம் சேர்வதற்கில்லை.

ஆனால் இந்த நடுநிலை எங்கே தொடங்குகிறது? மண்டபத்தின் வாசலில். வாசலுக்கு வெளியே கழிந்த ஆண்டுகளை எவரும் திருத்திப் புள்ளியிடுவதில்லை.

2022 ஆம் ஆண்டுக்குரிய பரீட்சையை எடுத்துக்கொள்வோம். முன்பெல்லாம் ஆகஸ்டில் நடந்துவந்த அது, பெருந்தொற்றினால் கால அட்டவணை குலைந்தமையால், 2023 ஜனவரி, பெப்ரவரி மாதங்களிலேயே நடைபெற்றது. புத்தளக் கரையில் அவை கடல் அடங்கியிருக்கும் மாதங்கள்; மீன்பிடிப் பருவம்; வீட்டிலுள்ள ஒவ்வொரு கைக்கும் வேலையுள்ள காலம். அதற்கு முந்திய ஆகஸ்டில்தான் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு ஏற்றப்பட்டது. படகின் இயந்திரத்துக்கு வேண்டியதும் அந்த எண்ணெய்; மின்சாரமில்லாத இரவில் புத்தகத்தருகே எரியவேண்டியதும் அந்த எண்ணெய். இரண்டுக்கும் போதாதபோது எதற்கு ஊற்றுவது? உழைக்கும் குடும்பங்கள் இக்கேள்விக்கு விடையளித்த பின்னரே அவர்களின் பிள்ளைகள் வினாத்தாளுக்கு விடையளிக்கச் சென்றனர்.

மின்சாரம் எங்கே போயிற்று? நாட்டின் ஆகப் பெரிய அனல்மின் நிலையம் இதே மாவட்டத்தில், நுரைச்சோலையில் நிற்கிறது. 2011 இல் முதல் இயந்திரம் இயங்கத் தொடங்கிய அந்நிலையத்தின் மொத்த வலு 900 மெகாவாட். நிலக்கரி வந்து இறங்குவதும் எரிவதும் சாம்பலாவதும் இக்கரையில். ஆயினும் பரீட்சைக் காலத்திலும் மின்வெட்டு நீடித்தது. அதனை நிறுத்துமாறு மனித உரிமைகள் ஆணைக்குழு கேட்டது. விவகாரம் உயர் நீதிமன்றம்வரை சென்றது. நாடு முழுவதற்கும் ஒரே மின்வெட்டுத்தானே என்பார் உளர். உண்மை. ஆனால் மின்பிறப்பாக்கி உள்ள வீட்டுக்கு அது சிறு தொல்லை. மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக அளக்கும் வீட்டுக்கோ ஓரிரவுப் படிப்பின் இழப்பு. மறுநாட் காலை இரு வீட்டுப் பிள்ளைகளின் முன்பும் ஒரே வினாத்தாள் வைக்கப்படுகிறது. வினாத்தாள் ஒன்று என்பதனால் பரீட்சையும் ஒன்றாகிவிடுமா?

ஆகிவிடாதென்பதை அரசே ஒப்புக்கொண்டுள்ளது. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளுக்கான இடங்களில் 40 வீதமே நாடளாவிய திறமை வரிசைப்படி வழங்கப்படுகின்றது. 55 வீதம் மாவட்டங்களுக்கு மக்கட்டொகைப்படி பகிரப்படுகின்றது. எஞ்சிய 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்குரியது. புத்தளமும் அவற்றுள் ஒன்று. 1970களின் தொடக்கத்தில் மொழிமூலத்தை வைத்துச் செய்யப்பட்ட தரப்படுத்தல் தமிழ் மாணவருக்கு இழைத்த அநீதியை நாம் மறக்கவில்லை. மொழியைப் பார்த்துப் புள்ளியைக் குறைப்பது வேறு. வசதியின்மையைப் பார்த்து இடமளிப்பது வேறு. முன்னையது தண்டனை, பின்னையது ஈடு.

எனினும் இந்த ஈடும் அரைகுறையானதே. மாவட்டம் என்பது வர்க்கமன்று. தனியார் வகுப்புகளுக்குப் பணம் கட்டக்கூடிய வர்த்தகரின் பிள்ளையும், உப்பளத்திற் கூலிக்கு நிற்பவரின் பிள்ளையும் ஒரே மாவட்டக் கணக்கிலேயே எண்ணப்படுகின்றனர். விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலைக்கு இட ஒதுக்கீடு ஆசிரியரை அனுப்பிவிடாது. ஈட்டைக் காட்டி இழப்பைத் தொடரவிடுவதை நாம் ஏற்கமுடியாது.

அப்படியானால் இன்று பரீட்சைக்கு அமரும் மாணவர் என்ன செய்வது? படிக்கவேண்டும், ஊக்கமாகப் படிக்கவேண்டும். அநீதியான ஏற்பாடு என்று சொல்லிப் புத்தகத்தை மூடுவதனால் நட்டம் ஏழைக்கே. அந்த ஏற்பாட்டுக்கு ஒரு நட்டமுமில்லை. மாவட்ட ஒதுக்கீட்டில் இடம் பெறுவோர் வெட்கப்படவும் வேண்டியதில்லை. வசதியோடு எடுத்த புள்ளியும் இருளிலிருந்து எடுத்த புள்ளியும் ஒரே உழைப்பின் அளவுகள் அல்ல.

ஆனால் சித்தியைத் தனிச்சொத்தாக எண்ணுவதற்கு எவருக்கும் உரிமையில்லை. படகுக்கான எண்ணெயை விளக்குக்கு விட்டுக்கொடுத்தவர்கள் அதிற் பங்காளிகள். அண்ணன் படிக்கட்டும் என்று தன் படிப்பை நிறுத்திக்கொண்ட தங்கையும் பங்காளி. பட்டம் பெற்றபின் அக்கரையைத் திரும்பிப் பாராதவர் அவர்களுக்குக் கடன்பட்டவரே.

சித்தியெய்தாதவருக்கு நாம் சொல்லவேண்டியது இன்னும் முக்கியமானது. பெறுபேற்றுத்தாள் மூன்று பாடங்களில் நீர் பெற்ற புள்ளிகளைச் சொல்கிறது. உமது பெறுமதியைச் சொல்வதில்லை. தோல்வியில் உமது பங்கு இருக்கலாம். அதை நேர்மையோடு ஆராய்ந்து மீண்டும் முயல்க. ஆனால் சமுதாயத்தின் பங்கையும் சேர்த்து உம் தலையிற் சுமக்காதீர்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. சித்தியடைந்தோரின் பெயர்களைப் பாடசாலைச் சுவரில் எழுதுகிறோம்; நல்லதே. தவறியோரின் வீடுகளுக்குச் சென்று, அங்கே விளக்கு எரிந்ததா என்று விசாரித்திருக்கிறோமா? மண்டபத்துக்குள் சுட்டெண் தரும் நீதியை மண்டபத்துக்கு வெளியேயும் கோருவதற்கு அந்த விசாரணையிலிருந்தே நாம் தொடங்கவேண்டும்.