சமமும் நீதியும்

எல்லோர்க்கும் ஒரே அளவில் பங்கிட்டுவிட்டால் நீதி நிறைவேறிவிடுமா? கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 2019-ஆம் ஆண்டு இவ்வினா எழுந்தது. ஆட்டிசமுடைய குழந்தைகள் ஏறத்தாழ 23,000 பேர் அரசு வழங்கும் சிகிச்சைக்காகக் காத்திருந்தனர். அவ்வாண்டு பிப்ரவரியில் அரசு வயதையே அளவுகோலாக்கிற்று: ஆறு வயதுக்குட்பட்டோர்க்கு ஆண்டுக்கு 20,000 டாலர் வரை, மூத்தோர்க்கு 5,000 டாலர் வரை. தீவிரச் சிகிச்சை தேவைப்படும் குழந்தைக்கோ ஆண்டுச் செலவு 80,000 டாலரையும் எட்டக்கூடும். எஞ்சியதைக் குடும்பமே சுமக்க வேண்டும்.

சிலருக்கு முழுமை, பலருக்கு வெறுமை என்ற நிலையை மாற்றவே முனைந்தோம் என்ற அரசின் வாதத்தை நாம் எளிதில் ஒதுக்கிவிட இயலாது. வரிசையில் காத்திருப்பவளும் தாயே அன்றோ! ஆயினும், பேச்சில் சிறு தடுமாற்றமுள்ள பிள்ளைக்கும் பேச்சே வாராத பிள்ளைக்கும் வயது ஒன்றாயிருக்கலாம், தேவை ஒன்றாகுமா? இரு பிள்ளைகள் நோயுற்ற வீட்டில், நோயின் கடுமையைப் பாராது வயதைப் பார்த்து மருத்துவச் செலவைப் பங்கிடும் தந்தை உண்டா?

பெற்றோர் வீதிக்கு வந்து முறையிட்டனர். ஜூலையில், தேவையை அடிப்படையாகக் கொண்ட முறைக்கு மாறுவதாக அரசு அறிவித்தது.

பணம் போதாதெனில் போதாதென்றே சொல்லட்டும். அது குறை, நாளை தீர்க்கப்படலாம். போதாமைக்கு நீதியென்று பெயர் சூட்டிவிட்டாலோ, தீர்க்க வேண்டிய கடமையே மறைந்துபோகும் என்பதை நாம் மறத்தலாகாது.