முதல்ல அடை, அப்புறம் ஓரேப்

(பெண்கள் ஐக்கியச் சங்க மாதக் கூட்டத்தில், சின்னப் பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார்களுக்கு, ஓய்வுபெற்ற பாலர் பள்ளி ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



அந்தக் கடைசியில பிள்ளையத் தூக்கிக்கிட்டு வெளியே போற தங்கச்சி, போகாதம்மா. உள்ள வா. பிள்ளை அழுதா அழட்டும். மைக் என் கையிலதான இருக்கு, நான் கொஞ்சம் சத்தமாப் பேசிக்கிடுதேன். மாற்கு 10-ல ஆண்டவர் யார் மேல விசனப்பட்டார்? பிள்ளைகள் மேலயா? பிள்ளைகளைக் கொண்டு வந்தவங்களை அதட்டின சீஷர்கள் மேல. அதனால முன் வரிசை அக்காமாரே, பின்னால அழுகை கேட்டா திரும்பித் திரும்பிப் பார்க்காதீங்க. அந்தப் பார்வையிலேயே பாதித் தாய்மார் கோயிலுக்கு வர்றதை நிறுத்திட்டாங்க.

இன்னைக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு, "வீட்டில் பிள்ளைகளோடு". சின்னப் பிள்ளைகளை வீட்டுல எப்படி விளையாட வைக்கிறது, எப்படி வசனத்துல வளர்க்கிறதுன்னு சொல்லச் சொன்னாங்க. சொல்றேன். ஆனா உங்க முகத்தைப் பார்த்தா, முதல்ல வேற ஒண்ணு சொல்லணும்னு தோணுது. தூங்கி எத்தனை நாளாச்சு? கை தூக்க வேண்டாம், கண்ணு சொல்லுது.

1 இராஜாக்கள் 19 எடுங்க. எடுக்க முடியாதவங்க, கையில பிள்ளை இருக்கிறவங்க, கேளுங்க போதும். உங்களுக்குத் தெரிஞ்ச எலியா கதைதான். கர்மேல்ல 450 பாகால் தீர்க்கதரிசிகள் முன்னால தனியா நின்ன மனுஷன். வானத்துல இருந்து அக்கினி இறங்கிச்சு. மழை பெய்ஞ்சுது. ஆகாபோட ரதத்துக்கு முன்னால யெஸ்ரயேல் வரைக்கும் ஓடினான். அடுத்த அதிகாரத்துலயே எங்க கிடக்கான்? சூரைச்செடிக்குக் கீழ. போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கிடும்ங்கிறான்.

அப்போ தேவதூதன் வந்து என்ன சொன்னான்? ஏன் ஜெபிக்கலன்னு கேட்டானா? நேத்து அக்கினியை இறக்கினியே, இன்னைக்கு விசுவாசம் எங்க போச்சுன்னு கேட்டானா? இல்ல. தொட்டு எழுப்பினான். எழுந்து சாப்பிடுன்னான். தலைமாட்டுல என்ன இருந்தது? தழல்ல சுட்ட அடை. ஒரு பாத்திரம் தண்ணி. சாப்பிட்டான், திரும்பப் படுத்துட்டான். அப்பவாவது திட்டினானா? இரண்டாம் தரம் வந்து தொட்டு, திரும்பவும் சாப்பிடுன்னான். போக வேண்டிய வழி இன்னும் ரொம்ப தூரம்னான். அந்தச் சாப்பாட்டுப் பலத்துல 40 நாள் நடந்து ஓரேப் பர்வதம் போறான். "இங்கே உனக்கு என்ன காரியம்"ங்கிற கேள்வியை ஆண்டவர் அங்க வச்சுத்தான் கேட்டார். சூரைச்செடிக்குக் கீழ வச்சுக் கேட்கல.

முதல்ல அடை, அப்புறம் ஓரேப். எல்லாரும் சொல்லுங்க. முதல்ல அடை… அப்புறம் ஓரேப். ஆமா.

நாம என்ன பண்றோம்? பச்சைப் பிள்ளைக்காரி கோயிலுக்கு வரலன்னா, "அவ பின்மாறிட்டா"ங்கிறோம். அவ பின்மாறல, அவளுக்குப் பசி! ராத்திரி மூணு தரம் எழும்பிப் பால் கொடுத்திருக்கா. காலையில பெரியவனுக்குச் சட்டை மாட்டியிருக்கா. ஆறிப்போன இட்லியை நின்னுகிட்டே பிச்சுத் தின்னுருக்கா. அவகிட்ட போய், "வேதம் வாசிச்சியா"ன்னு கேட்கிறதுக்கு முன்னால, "சாப்பிட்டியா"ன்னு கேளுங்க. செத்துப்போன சின்னப் பிள்ளையைத் தலீத்தாகூமின்னு எழுப்பின கையோட ஆண்டவர் என்ன சொன்னார்? அந்தப் பிள்ளைக்குச் சாப்பிடக் கொடுங்கன்னார். உயிர்த்தெழுந்த பிறகு திபேரியாக் கடற்கரையில என்ன பண்ணினார்? ராத்திரி பூரா வலை போட்டு ஒண்ணும் கிடைக்காம வந்தவங்களுக்கு, கரிநெருப்புல மீன் வச்சிருந்தார். "என்னை நேசிக்கிறாயா"ன்னு பேதுருவைக் கேட்டது சாப்பிட்டு முடிஞ்ச பிறகுதான். பாருங்க, அங்கயும் முதல்ல அடை!

1 இராஜாக்கள் 19-ல இன்னொரு வார்த்தை இருக்கு, நாம தாண்டிப் போயிருவோம். எலியா தன் வேலைக்காரனைப் பெயெர்செபாவில விட்டுட்டுத் தனியா வனாந்தரத்துக்குள்ள போறான். துணைக்கு ஒரு ஆள் இருந்திருக்கு. இவன்தான் விட்டுட்டுப் போறான். களைப்பு அப்படித்தான் பண்ணும். "நான் பார்த்துக்கிடுதேன், யாரும் ஒண்ணும் செய்ய வேண்டாம்"னு உதவிக்கு வந்த கையைத் தட்டிவிடும்.

என் கதையைச் சொல்றேன். மூத்தவனுக்கு மூணு வயசு, இளையவ மூணு மாசம். எங்க வீட்டுக்காரருக்கு வெளியூர்ல வேலை. ஐப்பசி மழை, நாலு நாளா விடல. கொடியில துணி காயல, வீடு பூரா ஈர வாடை. மூத்தவன் ஒரு தூக்குச்சட்டி பாலைத் தரையில கவுத்துட்டான். வேணும்னு செய்யல, எனக்கு எடுத்துக் கொடுக்கணும்னு தூக்கிட்டு வந்திருக்கான். நான் அடிச்சேன். முதுகுல, பலமா. அவன் அழவே இல்ல. பால்ல உட்கார்ந்துகிட்டு என் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வை இன்னும் எனக்குள்ள இருக்கு. சத்தம் கேட்டு என் மாமியார் வந்தாங்க. எழுதப் படிக்கத் தெரியாதவங்க. நான் பயந்தேன், இன்னைக்குப் பேச்சு இருக்குன்னு. அவங்க ஒரு வார்த்தை சொல்லல. தரையைத் துடைச்சாங்க. அடுப்பை மூட்டிக் கருப்பட்டிக் காப்பி போட்டு, நேத்து மிஞ்சின தோசை மாவுல தடிமனா ஒண்ணு ஊத்தி, என் பக்கத்துல வச்சாங்க. "பிள்ளைய இங்க தா. தின்னுட்டுப் போய்ப் படு"ன்னாங்க. "இல்ல அத்தை, நான் பார்த்துக்கிடுதேன்"னேன். "தா"ன்னாங்க. அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் தூங்கினேன். எழும்பி வந்து பார்த்தா, மூத்தவன் திண்ணையில ஆச்சி கூட உட்கார்ந்து காகிதக் கப்பல் விட்டுக்கிட்டு இருக்கான். தேவதூதன் வெள்ளை அங்கியில வருவான்னு நான் நினைச்சிருந்தேன். எனக்கு நூல்சேலை கட்டிக்கிட்டு வந்தான்.

மாமியார்மாரே, கேட்டுதா? மருமகள்மாரே, உங்களுக்கும்தான். கொடுக்கிற கையைத் தட்டாதீங்க.

சரி, தலைப்புக்கு வர்றேன். போதகரம்மா கடிகாரத்தைப் பார்க்கிறாங்க. (சிரிப்பு)

பிள்ளைகளை விளையாட வைக்கிறதுக்குக் கடையில ஒண்ணும் வாங்க வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரி கலர் கலரா எதையோ செஞ்சு ஸ்டேட்டஸ்ல போடுறா, நாம செய்யலையேன்னு உங்களுக்கு ஒரு குத்தம் நெஞ்சுல குத்துது. அதை இன்னைக்கே இறக்கி வச்சிருங்க. கோதுமை மாவுல கொஞ்சம் உப்பு, ஒரு சொட்டு எண்ணெய், மஞ்சப்பொடி போட்டுப் பிசைஞ்சு கொடுங்க, ஒரு மணி நேரம் ஓடும். ஒரு தட்டுல ஐந்து உருண்டை, இரண்டு மீன் செய்யச் சொல்லுங்க. மீனுக்கு வால் வைக்கிறதுக்குள்ள நீங்க குழம்பைக் கூட்டிருவீங்க. கட்டிலைச் சுத்தி ஏழு தரம் நடந்தா எரிகோ. ஏழாவது சுத்துல, அடுக்கி வச்ச டம்ளர் கோபுரம் விழும். விழுற சத்தத்துக்காகவே திரும்பத் திரும்பக் கேட்பாங்க. ஒரு ரூபாய் நாணயத்தை ஒளிச்சு வச்சு, கையில வாரியலைக் கொடுங்க. லூக்கா 15, காணாமப்போன வெள்ளிக்காசு உவமை. உங்க வீடும் பெருக்கினாப்புல ஆச்சு!

கிணத்தடியில, முத்தத்துல, இரண்டு பாத்திரமும் ஒரு டம்ளரும் கொடுத்தா, தண்ணியை ஊத்தி ஊத்தி மாத்துவாங்க. அது வீண் விளையாட்டு இல்ல, கை நிதானம் அப்படித்தான் வரும். ஆனா வாளியில தண்ணி வச்சுட்டு அங்கிட்டு நகராதீங்க. கொஞ்சம் தண்ணி போதும், ஆபத்து வந்துரும். பயறு, புளியங்கொட்டை, கடுகு, இதெல்லாம் மூணு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளை கையில தனியா விடாதீங்க, மூக்குல போட்டுக்கிடும். நான் பாலர் பள்ளியில பார்க்காததா?

கடுகுன்னதும் ஞாபகம் வருது. இதை இந்த வாரம் எல்லாரும் செய்யணும். ஒரு சிரட்டை எடுங்க. பழைய வேட்டித் துணியை நனைச்சு உள்ள வைங்க. பிள்ளை விரல்ல ஒட்டுற அளவு கடுகைத் தூவச் சொல்லுங்க. காலையில, சாயங்காலம் தண்ணி தெளிக்கணும், ஊத்தக் கூடாது. போன வருஷம் என் பேத்திகிட்ட செய்யச் சொன்னேன். அவளுக்கு நாலு வயசு. இரண்டாம் நாளே துணியைத் தூக்கிப் பார்த்தா. மூணாம் நாள் ஓடி வந்து, "ஆச்சி, என் கடுகைக் காணோம், புழு வந்துருக்கு"ன்னு ஒரே அழுகை. போய்ப் பார்த்தா, தோல் வெடிச்சு வெள்ளையா வால் விட்டிருக்கு. "புழு இல்ல கண்ணு, இது வேர்"னேன். அவளுக்கு நம்பிக்கையில்ல. இரண்டு நாள் கழிச்சுப் பச்சையா இரண்டு இலை தலையைத் தூக்கிச்சு, ஒரு இலையில மட்டும் உடைஞ்ச கடுகுத் தோல் தொப்பி மாதிரி ஒட்டியிருந்துது. அதைப் பார்த்துட்டு அவ கேட்டா, "ஆச்சி, நான் தூங்கும்போதா இது வந்துச்சு?"

நான் அப்படியே உட்கார்ந்துட்டேன். மாற்கு 4, 26-ல இருந்து வாசிங்க. கடுகு விதை உவமைக்கு முந்தின உவமை. விதைச்சவன் என்ன பண்றான்? ராத்திரி தூங்குறான், பகல்ல எழும்புறான். விதை முளைக்குது, எப்படின்னு அவனுக்குத் தெரியல. நாற்பது வருஷமா வாசிக்கிறேன், விதைச்சவன் தூங்கினான்னு எழுதியிருக்கிறது அன்னைக்குத்தான் என் கண்ணுல பட்டுது. தூங்குங்கம்மா. நீங்க தூங்கினா விதை செத்துப் போகாது.

போன் கொடுக்கலாமா, கூடாதான்னு எப்பவும் கேட்பீங்க. 2019-ல உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கு: இரண்டு வயசு நிறையிற வரைக்கும் திரை வேண்டாம், நாலு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம். அதைப் பிடிச்சுக்கிடுங்க. சோறு ஊட்டுறதுக்குப் போனைக் காட்டுறதை மட்டும் விட்டுருங்க. காக்காயைக் காட்டுங்க. எலியாவுக்கே காகம்தான சாப்பாடு கொண்டு வந்துச்சு!

வெஸ்லி அம்மாவைப் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. சூசன்னா வெஸ்லி. இங்கிலாந்துல எப்வர்த்ங்கிற ஊரு. 19 பிள்ளை பெத்தாங்க, பாதிக்குக் கிட்ட சின்னதுலயே போயிட்டுது. 1709-ல வீடு தீப்பிடிச்சு எரிஞ்சுது. மாடியில மாட்டிக்கிட்ட ஐந்து வயசுப் பையனைச் சன்னல் வழியாத்தான் இறக்கினாங்க. அவர்தான் பின்னால பெரிய பிரசங்கியாரான ஜான் வெஸ்லி. அந்த அம்மா வீட்டுலயே பள்ளிக்கூடம் நடத்தினாங்க. ஆனா எனக்குப் பிடிச்சது அது இல்ல. ராத்திரி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நாள்னு வச்சுத் தனியா உட்கார்ந்து பேசினாங்க. ஜானுக்கு வியாழக்கிழமை. நமக்கு இரண்டு, மூணு பிள்ளைதான். வியாழக்கிழமை பத்து நிமிஷம் இல்லையா?

"வீட்டுலயே கிடக்கேன், ஊழியம் ஒண்ணும் செய்யல"ன்னு யாரோ என்கிட்ட அழுதீங்க. பேர் சொல்ல மாட்டேன். டோனாவூர் இங்க பக்கத்துலதான் இருக்கு. அங்க வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் அம்மா 1895-ல இந்தியாவுக்கு வந்தப்போ, ஊர் ஊராப் போய்ச் சுவிசேஷம் சொல்றவங்களாத்தான் இருந்தாங்க. 1901-ல இந்துக் கோயிலுக்கு விடப்பட்ட ஒரு சின்னப் பிள்ளை தப்பி வந்து அவங்க கையில சேர்ந்துச்சு. அதுக்குப் பிறகு ஒண்ணு, இரண்டு, பத்து, நூறு. ஊர் சுத்தின காலு நின்னு போச்சு. பிள்ளைங்க தாயோட காலைக் கட்டிப் போட்டுரும்னு நம்ம சனங்க சொல்றதை அவங்களே எழுதியிருக்காங்க. பிரசங்கத்தை விட்டுட்டுத் தொட்டில் ஆட்டலாமான்னு அவங்களுக்கும் கேள்வி வந்துச்சு. சீலையைக் கட்டிக்கிட்டுக் கால் கழுவின எஜமானை நினைச்சாங்க, கேள்வி அடங்கிட்டுது. 1951-ல அவங்க மரிச்சப்போ கல்லறையில பெரிய பட்டம் ஒண்ணும் போடல. குருவி தண்ணி குடிக்கிற ஒரு தொட்டி, அதுல "அம்மா".

ஒண்ணு கண்டிப்பாச் சொல்லணும், சிரிக்காமக் கேளுங்க. பிள்ளை பெத்து முதல் சில நாள் காரணமில்லாம அழுகை வரும், போயிரும். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிக்கல, பிள்ளையைத் தொடப் பிடிக்கல, சாகணும் போல இருக்குன்னா, அது பாவம் இல்ல, பிசாசும் இல்ல. அது ஒரு வியாதி, மருந்து இருக்கு. டாக்டர்கிட்ட போங்க. நாங்க ஜெபமும் பண்ணுவோம், கூடவே ஆட்டோவுல ஏறியும் வருவோம். சாகணும்னு சொன்ன எலியாவை ஆண்டவர் தள்ளிவிடல. அவனுக்கு அடை சுட்டு அனுப்பினார்.

ஆதியாகமம் 33-ல ஏசா, வா சேர்ந்து போவோம்ங்கிறான். யாக்கோபு மாட்டேன்ங்கிறான். பிள்ளைகள் இளசு, கறவல் ஆடு மாடு இருக்கு, ஒரு நாள் ஓட்டினாலும் செத்துப்போகும், நான் பிள்ளைகள் நடைக்குத் தக்கபடி மெள்ள வர்றேன்ங்கிறான். ராத்திரி பூரா தேவனோட போராடி, நொண்டி நொண்டி நடக்கிற மனுஷனுக்குத்தான் அந்தப் புத்தி வந்துச்சு. ஏசாயா 40-ல ஆண்டவர் மெதுவா நடத்துறதும் அதே கறவலாடுதான். உங்களை யாராவது ஓட்டினா, "நான் மெள்ள வர்றேன்"னு சொல்லுங்க.

முடிக்கச் சொல்லிச் சீட்டு வந்துட்டுது. பின்னால சுண்டலும் காப்பியும் ரெடியா இருக்குன்னு தெரியும், வாசம் வருது. எப்பவும் என்ன நடக்கும்? கை வீசிக்கிட்டு வந்தவங்க முதல்ல போய் எடுப்போம். பிள்ளைக்காரி கடைசியில, ஒரு கையில பிள்ளை, ஒரு கையில தட்டு, அதுவும் ஆறிப்போயிருக்கும். இன்னைக்கு அது வேண்டாம். ஆசீர்வாதத்துக்கு முன்னால, முன் வரிசை அக்காமார், ஆச்சிமார் எல்லாரும் எழும்புங்க. ஆமா, இப்பவே. பின்னால போங்க. ஆளுக்கு ஒரு பிள்ளையை வாங்கிக்கிடுங்க. அந்தப் பச்சைச் சேலைத் தங்கச்சி, "பரவால்ல, நான் வச்சுக்கிடுதேன்"னு சொல்லாதம்மா. கொடு. அது அழும், அழட்டும், அந்த ஆச்சி அஞ்சு பிள்ளை வளர்த்தவங்க. நீ போய் உட்கார்ந்து, சூடா, இரண்டு கையாலயும் சாப்பிடு.