மூச்சு ஏற்றும் நீர்

எம்.ஆர்.ஐ. திரையில் தலையின் குறுக்குவெட்டு.

நடுவில் இரண்டு வெள்ளை அறைகள். எலும்பு அல்ல. நீர்.

*

மூளையின் அறைகளுக்குள்ளும், மூளையைச் சுற்றியும், முதுகுத் தண்டின் நெடுகிலும் அதே நீர். மூளைத் தண்டுவடத் திரவம். நிறமில்லை.

அதில் மூளை மிதக்கிறது. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடை, மிதக்கையில் 50 கிராம் அளவுக்குக் குறைகிறது.

கனம் தெரியாமல் சுமக்கிறோம்.

*

நீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன். ஒவ்வொன்றின் மையத்திலும் ஒரு புரோட்டான்.

1.5 டெஸ்லா காந்தப்புலத்தில் அதன் அச்சு நொடிக்கு ஏறத்தாழ 6 கோடியே 40 லட்சம் முறை சுற்றி வருகிறது.

புலத்தின் பக்கம் கூடுதலாகச் சாய்பவை பத்து லட்சத்தில் ஒரு சில. அந்தச் சில போதும்.

ரேடியோ அலை தொடுகிறது. நிற்கிறது.

நீர் மெல்லப் பதில் தருகிறது.

*

1945 முடிந்து 1946 பிறக்கும் குளிர்காலம். ஹார்வர்டில் இயற்பியலாளர் பர்செலின் குழு பாரஃபின் மெழுகில் அந்தப் பதிலைக் கேட்கிறது. ஸ்டான்ஃபோர்டில் இயற்பியலாளர் பிளாக்கின் குழு நீரில் கேட்கிறது.

1973. அந்தப் பதிலைக் கொண்டு வேதியியலாளர் லாட்டர்பர் எடுத்த முதல் படம். கனநீர் நிரம்பிய குழாய்க்குள் இரண்டு மெல்லிய கண்ணாடிக் குழல்கள். அவற்றில் சாதாரணத் தண்ணீர். படத்தில் இரண்டு மங்கலான வட்டங்கள்.

பிறகு ஒரு சிறு கிளிஞ்சல். அவர் மகள் கடற்கரையில் எடுத்துத் தந்தது.

*

திசுவுக்குள் இருக்கும் நீர் புரதங்களையும் சவ்வுகளையும் ஒட்டி நிற்கிறது. அதன் பதில் நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் தேய்கிறது.

மூளையின் அறைகளில் நீர் தடையின்றிப் புரள்கிறது. அதன் பதில் இரண்டு நொடி வரை நீள்கிறது.

சற்றுக் காத்திருந்து கேட்டால் நீர் மட்டும் மிச்சம். அதனால்தான் அந்த வெண்மை.

*

அந்த வெண்மையை அணைக்கவும் ஒரு வழி இருக்கிறது.

முதலில் எல்லாவற்றையும் தலைகீழாகத் திருப்புகிறார்கள். பிறகு எதுவும் செய்யாமல் இருக்கிறார்கள். இரண்டு, இரண்டரை நொடி. நீர் மெதுவாக மீண்டு வருகிறது. வரும் வழியில் சுழியத்தைக் கடக்கிறது. அந்தக் கணத்தில் கேட்கிறார்கள்.

அறைகள் கறுக்கின்றன. இதுவரை வெண்மையில் மறைந்திருந்த சிறு தழும்பு ஒன்று, அறையின் ஓரத்தில், இப்போது தெரிகிறது.

நீர் வாய் மூடியதால் அது தெரிகிறது. இந்த முறையில் என் மனம் வெகுநேரம் நிற்கிறது.

*

ஸ்கேனரின் குழாய்க்குள். காதில் அடைப்பான். கையில் ரப்பர் குமிழ்.

“அசையாம படுங்க. சத்தம் வரும், பயப்படாதீங்க.”

தட்டல். தட்டல். இடைவெளி.

மூச்சு தானாக வருகிறது. கவனித்ததும் கொஞ்சம் மாறிவிடுகிறது.

இடது பாதம் சில்லென்று இருக்கிறது. பிறகு அந்த நினைவும் இல்லை.

*

2015. ஜெர்மனியின் கோட்டிங்கன். நிகழும்போதே படம்பிடிக்கும் எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுத்திருப்பவர் சொன்னபடி மூச்சு விடுகிறார்.

ஆழமாக உள்ளிழுக்கிறார். மார்புக்குள் அழுத்தம் குறைகிறது. தலையிலிருந்து சிரை இரத்தம் கீழே இறங்குகிறது. நீர் மேலே ஏறுகிறது.

மூச்சை அடக்குகிறார். ஓட்டம் ஏறத்தாழ அடங்குகிறது. இதயத் துடிப்பின் சிறு அசைவு மட்டும்.

விடுகிறார்.

*

2019. பாஸ்டன். ஸ்கேனரின் அத்தனை சத்தத்திலும் சிலர் தூங்கிப்போகிறார்கள். தலையில் மின்முனைகள்.

ஆழ்ந்த உறக்கம். மூளையின் மின் அலை மெதுவாகிறது. சில நொடி கழித்து மூளையில் இரத்தம் குறைகிறது. குறைந்த இடத்துக்கு நீர் வருகிறது. ஏறத்தாழ 20 நொடிக்கு ஒரு பெரிய அலை.

விழித்திருக்கும்போது அலை சிறியது.

*

பரிசோதனை முடிந்து எல்லோரும் போகிறார்கள். விளக்கை அணைக்கிறார்கள். காந்தத்தை அணைப்பதில்லை. திரவ ஹீலியத்தில், சுழியத்துக்குக் கீழே 269 டிகிரி செல்சியஸில், அதன் கம்பிச்சுருள் இருக்கிறது. மின்சாரம் தடையின்றிச் சுற்றுகிறது.

*

ஒரே நேரத்தில் உடலில் இருக்கும் மூளைத் தண்டுவடத் திரவம் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர். ஒரு நாளில் புதிதாகச் சுரப்பது ஏறத்தாழ 500. பழையது இரத்தத்திலும் நிணநீரிலும் கலந்துபோகிறது. நாளுக்கு மூன்று, நான்கு முறை முழுவதும் மாறுகிறது.