கிரேஸ் என்னும் சொல்லும் அருள் என்னும் பொருளும்

ஆங்கிலத்தில் ‘கிரேஸ்’ என்பதொரு சிறுசொல் பெருவழக்காயுள்ளது. நம் சாத்திர தோத்திரங்களை அம்மொழியிற் பெயர்த்தோர் அருள் என்னும் சொல்லுக்கு அதனையே ஆண்டனர். 1895-இல் சிவஞானபோத மொழிபெயர்ப்பை வெளியிட்ட ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையவர்களும், 1900-இல் திருவாசக மொழிபெயர்ப்பை வெளியிட்ட ஜி. யூ. போப்பையரும் அவ்வழியே சென்றனர். அதனினும் அணுக்கமான சொல் அம்மொழியில் இன்மையின் அவர்பாற் குறைகூறுதற்கில்லை.

ஆயினும், அண்மையில் எம்மிடம் பாடங்கேட்கும் இளைஞரொருவர், “ஐயா, தேர்விற் சில எண் குறைந்தானுக்குக் கிரேஸ் மார்க் இடுதல் போல்வதன்றோ இறைவன் அருளுதல்? அங்ஙனமாயின் ஒருவனுக்கு இட்டு மற்றொருவனுக்கு இடாதொழிதல் நடுவுநிலைமையாமோ?” என வினாவினார். யாம் ஆங்கிலம் முறையாகக் கற்றேமல்லேம். அதனால் அம்மொழி வல்ல நண்பர் ஒருவரைத் துணைக்கொண்டு அச்சொல்லின் பொருள்களை ஆராயலானோம்.

ஆடுவாளது அசைவிற் காணும் நளினம் கிரேஸ். உணவுக்கு முன் கிறித்தவர் கூறும் நன்றி மொழி கிரேஸ். இங்கிலாந்திற் கோமகனையும் காண்டர்பரிப் பேராயரையும் விளிக்கும் மதிப்புரையிலும் அச்சொல்லே நிற்கும். தவணை உண்டியலின் நாள் கடந்தபின் கடனாளிக்கு விடும் மூன்று நாளும் கிரேஸ் நாளே. இந்தியாவில் 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டம் அதனை விதித்துளது. எல்லாவற்றிற்கும் மேலாக, தகுதி நோக்காது இறைவன் தரும் கொடையும் கிரேஸ். இவற்றிற்கெல்லாம் வேர், இனிமையும் தயவும் நன்றியும் குறிக்கும் ‘கிராத்தியா’ என்னும் இலத்தீன் சொல்.

இவற்றுள் இறுதிப் பொருள்பற்றி மேனாட்டாரிடையே பெரும்பூசல் நிகழ்ந்தது. அகுஸ்தீன் (354–430) கிரேஸ் மனிதன் ஈட்டும் கூலியன்று என்றார். பெலாஜியுஸ் மனிதன் தன் முயற்சியால் நல்லனாதல் கூடும் என்றார். முன்னது கொண்டால் ஒருவர்க்குத் தந்து ஒருவர்க்குத் தாராமை ஏன் என்னும் வினா எழும். பின்னது கொண்டால் கொடை கூலியாய் முடியும். நம் மாணாக்கர் வினாவும் இதுவே.

சித்தாந்தத்தில் இவ்வினாவிற்கு இடமில்லை. என்னை? அருள் என்பது இறைவன் எப்போதோ எடுத்து வழங்கும் ஒரு பொருளன்று; அவனிற் பிரிவில்லாத சத்தியே அது. அச்சத்தி மலத்தின்வழி நின்று மறைத்தலைச் செய்யுங்கால் திரோதானம் எனப் பெயர்பெற்று, உபசாரத்தால் மலம் எனவும் எண்ணப்படும். மலம் பக்குவமெய்தச் செய்வதும் அதுவே. பக்குவம் வந்துழிச் சத்திநிபாதமாய்ப் பதிவதும் அதுவே. புரை நீக்கிய கண்ணுக்கு மருத்துவன் கட்டும் கட்டு, நோயாளிக்கு இருளாகவே தோன்றும். கட்டிய கையும் அவிழ்க்கும் கையும் ஒன்றே. அவிழ்க்கும் நாள் மட்டும் கண்ணுக்குக் கண் வேறுபடும். அதுபற்றி மருத்துவன் ஓரவஞ்சகன் என்பார் உளரோ?

ஆகவே பக்குவம் அருளை விலைக்கு வாங்குவதன்று. பக்குவம் தானும் அருளின் செயலே. அருள் பெறாதார் என ஒருவருமிலர். அருளை அருளென உணராதாரே உளர்.

இனி, அவ்வாங்கிலச் சொல்லின் பொருள்களுள் அருளுக்கு அணித்தாவது யாது? மதிப்பெண் அன்று, அது கல்லாதானைக் கற்றானென எழுதிவிடுவது. கடனாளிக்கு விடும் நாளே சிறிது ஒக்கும். அது கடனைத் தள்ளுவதில்லை, இறுத்தற்குக் காலந்தருகின்றது. நமக்கு வாய்த்த இவ்வுடம்பும் உலகும் அத்தகைய தவணையே. சட்டந்தந்த தவணையோ மூன்று நாள். இறைவன் தந்ததோ பிறவிதோறும் நீள்வது. அன்றியும், அங்கே கடனாளி தானே பொருள் தேடல் வேண்டும். இங்கே தேடுதற்கு உடனின்று உதவுவானும் தவணை தந்தவனே.

இவ்வாறு கூறக்கேட்ட அம்மாணாக்கர் சிறிது பொழுது வாளாவிருந்து, “அங்ஙனமாயின் யான் இதுவரை இருளென்று வெறுத்தனவும் அருளோ?” என்றார். அவ்வினாவைத் தம்முள்ளே வினாவிக்கொள்வார்க்கு மொழிபெயர்ப்பால் இடரொன்றுமில்லை என்க.

திருச்சிற்றம்பலம்.