கரையை அளப்போர் கடமை

புவியியல் மண்ணையும் நீரையும் பற்றிய கல்வி. மனிதரின் நியாய அநியாயங்களை ஆராய்தல் அதன் வேலையன்று என்று நம்மிடையே ஆசிரியர் சிலர் கருதுகின்றனர். மாணவரைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லும் நாளிலும் இக்கருத்தை அவர்கள் கைவிடுவதில்லை. கரையின் சாய்வை அளக்கலாம்; மிதக்கவிட்ட தேங்காய் மட்டை குறித்த தூரத்தைக் கடக்க எத்தனை நிமிடஞ் செல்கின்றதென்று கணிக்கலாம்; கற்சுவரின் இருமருங்கிலும் மணல் நிற்கும் உயரத்தை ஒப்பிடலாம். அதற்கப்பால் ஒரு சொல் கூடினாலும் அது அரசியலாகிவிடும் என்பது அவர்தம் அச்சம். இவ்வச்சம் தகுமா என்பதை ஒரு கரையை முன்வைத்தே ஆராய்வோம்.

அம்பாறை மாவட்டத்து ஒலுவிலிலே, டென்மார்க் நாட்டின் கடனுதவியோடு கட்டப்பட்ட துறைமுகம் 2013 செப்டெம்பரில் திறந்து வைக்கப்பட்டது. அப்பகுதிக் கரையில் மணல் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. அலை சாய்வாக வந்து மோதி மணலைச் சாய்வாகவே மேலேற்றுகின்றது. திரும்பும் நீர் அதனை நேரே கீழிழுக்கின்றது. இவ்வாறு அடியடியாக மணல் கரையோரம் பயணஞ் செய்கின்றது. வாடைக்காலத்தில் அது தெற்கு நோக்கியும் செல்லும். ஆயினும் ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் வடக்கு நோக்கிச் செல்வதே மிகுதி. இந்தப் பாதைக்குக் குறுக்கே அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. தெற்கே மணல் குவிந்தது. துறைமுக வாயிலிலும் புகுந்து படகுகளின் வழியை அடைத்தது. வடக்கேயோ, வரவேண்டிய மணல் வராமையால், கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. ஒலுவிலிலும் நிந்தவூர்ப் பக்கத்திலும் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. கரைவலை இழுப்பதற்குக் கரை வேண்டுமன்றோ? அக்கரையே சுருங்கியது. காணி உறுதி பெட்டிக்குள் இருக்க, காணி கடலுக்குள் இருக்கும் நிலை சிலருக்கு வந்தது.

‘கடல் கொண்டது’ என்று சொல்லிப் பழகிய நாவு நம்முடையது. ஆனால் இங்கே கடல் புதிதாக எதையும் செய்யவில்லை; என்றும் எடுத்ததையே எடுத்தது. ஈடாக வந்து சேரும் மணலை மறித்தது மனிதன் கட்டிய சுவர். இதனைச் சொல்லாத புவியியற் பாடம் அரசியலைத் தவிர்த்த பாடமன்று. புவியியலையே பாதியில் நிறுத்திய பாடம்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையுமன்று. இங்கிலாந்தின் கிழக்கே ஹோல்டர்னஸ் என்னும் களிமண் கரை ஆண்டுக்கு ஏறக்குறைய 2 மீற்றர் வீதம் கடலுக்கு இரையாகி வருவது. மேப்பிள்டன் என்ற சிற்றூரையும் அதனூடு செல்லும் வீதியையும் காப்பதற்காக 1991 இல் அங்கே இரண்டு பாறைச் சுவர்கள் கடலுக்குள் நீட்டப்பட்டன. ஊர் தப்பியது. மணல் கிடையாத தெற்குப் புறத்துப் பண்ணை நிலங்களோ முன்னிலும் விரைந்து சரிந்தன. இன்று அந்நாட்டுப் பள்ளிகளுக்கு இது பெயர்பெற்ற பாடம். செலவு இவ்வளவு, காக்கப்பட்ட சொத்தின் பெறுமதி இவ்வளவு என்று இரு நிரல்களில் எழுதி, சுவர் கட்டியது இலாபமா நட்டமா எனத் தீர்ப்பதும் அப்பாடத்தின் ஒரு பகுதி.

இந்த இரு நிரல்களில்தான் வழக்கே அடங்கியிருக்கின்றது. பெறுமதி என்பது பெரும்பாலும் சந்தை விலை. சந்தை விலையாற் கணக்கிட்டால், விடுதி நிற்கும் கரை காக்கத் தக்கதாகவும், ஓலைவாடி நிற்கும் கரை கைவிடத் தக்கதாகவும் எப்போதும் தோன்றும். இலாபம் ஒருவர் வீட்டிலும் நட்டம் இன்னொருவர் வீட்டிலும் இருக்கையில், ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துவிட எவருக்கு உரிமை? 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர், தெற்கில் 100 மீற்றரும் வடக்கு கிழக்கில் 200 மீற்றரும் கட்டடந் தவிர்க்கும் வலயம் என அரசாங்கம் அறிவித்தபோது, கடற்றொழிலாளி பழைய இடத்தில் வீடு கட்ட முடியாது நின்றான்; உல்லாச விடுதிகளுக்கோ விலக்குக் கிடைத்தது. பின்னர் அவ்விதி தளர்ந்தது என்பது வேறு கதை.

இவ்வளவையும் படித்து, ‘ஏழையின் பக்கம் நிற்போம்’ என்று கூறி எழுந்துவிடும் அன்பர்களுக்கும் ஒரு சொல். எந்த ஏழையின் பக்கம்? ஒலுவிலில் துறைமுக வாயில் திறந்தாலன்றிப் படகுக்காரனுக்குப் பிழைப்பில்லை. சுவர் நிற்கும்வரை வடகரைக் காணிக்காரனுக்கு உறக்கமில்லை. இருவரும் உழைப்பவரே. கோஷம் இவ்விடத்தில் உதவாது. மணலைப் பற்றிய அறிவே உதவும். வாயிலில் அள்ளும் மணலை அரிக்கப்படும் வடகரையிலே கொண்டுபோய் இடுதல் உலகின் பல துறைமுகங்களில் நடைபெறும் முறை. அதனை ஒருமுறை செய்து விட்டுவிட இயலாது. சுவர் நிற்கும் காலமெல்லாம் செய்தல் வேண்டும். ஆகவே அச்செலவு துறைமுகத்தின் செலவே. கட்டும்போதே கணக்கில் ஏறவேண்டிய அத்தொகையை எழுதாமல் விட்டால், அதனைத் தென்னைகளாகவும் வளவுகளாகவும் வடகரையார் செலுத்த நேரிடும். மாணவனின் நிரலில் இது எந்தப் பக்கத்தில் எழுதப்படுகின்றது என்று ஆசிரியர் கேட்டல் வேண்டும்.

அளவையை நாம் இகழவில்லை. ஒருநாள் அளவை ஏமாற்றும் என்பதே நம் கருத்து. வாடைக்காலத்தில் ஒடுங்கும் கரை பின்னர் ஓரளவு அகலும். தை மாதத்தில் அளந்தவன் ஊரே அழிந்ததென்பான், ஆவணியில் அளந்தவன் ஒன்றும் நேரவில்லை என்பான். கரையிலிருந்து தள்ளி அசையாத அடையாளம் ஒன்றை நாட்டி, ஆண்டுதோறும் அதே மாதத்தில், அதே இடத்திலிருந்து, அடுத்தடுத்த வகுப்பினர் அளந்து வருவார்களாயின் பத்தாண்டில் அது மறுக்கவியலாத சான்றாகும். அத்தோடு, அவ்வாண்டு எவர் வளவில் எத்தனை மரம் போயிற்று, எந்தக் கரைவலைப் பாடு கைவிடப்பட்டது என்பதையும் வீடு வீடாகக் கேட்டு எழுதலாம். குறிப்பேட்டின் ஒரு படி பள்ளி அலுமாரியில் இருக்கட்டும். மற்றொன்று ஊர் வாசிகசாலையில் இருத்தல் வேண்டும். காணி இழந்தவர் நட்டஈடு கேட்டுக் கச்சேரிக்குச் செல்லும் நாளில் உறுதியோடு அதனையும் எடுத்துச் செல்வார்.